கலர் கலரா படம் வந்துட்டா கணக்கு சரியா? சிமுலேஷனில் 'மெஷ்' போடும்போது கவனிக்க வேண்டியவை

1991-ம் ஆண்டு ஆகஸ்ட் 23. நார்வே நாட்டின் ஸ்டவாங்கர் நகரை ஒட்டிய ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே புகுந்திருக்கும் கடல் பகுதி. அங்கே பிரம்மாண்டமான ஒரு கான்கிரீட் கட்டுமானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வட கடலில் எரிவாயு எடுக்கும் மேடையைத் தாங்கப்போகும் அடித்தளம் அது. பெயர் 'ஸ்லைப்னர் ஏ'.

திடீரென்று உள்ளே பெரும் சத்தம். சுவர் ஒன்று பிளந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. பம்புகளை ஓடவிட்டும் சமாளிக்க முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் தப்பிவிட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் முழுக் கட்டுமானமும் மூழ்கி நொறுங்கியது. அது கடலடியில் மோதிய அதிர்வு, நிலநடுக்கக் கருவிகளில் ரிக்டர் அளவில் 3 என்று பதிவானது. மொத்தப் பொருளாதார இழப்பு சுமார் 70 கோடி அமெரிக்க டாலர்.

விசாரணையில் தெரியவந்த முக்கியக் காரணம், கம்ப்யூட்டரில் போட்ட ஒரு வலை. ஆமாம், இன்று இன்ஜினீயரிங் மாணவர்கள் லேப்டாப்பில் சர்வசாதாரணமாகப் போடுகிறார்களே, அதே 'மெஷ்'தான்.

அப்படி என்ன நடந்தது?

ஸ்லைப்னரின் அடித்தளம் 24 பெரிய கான்கிரீட் உருளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது போன்ற அமைப்பு. மூன்று டம்ளர்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்துப் பாருங்கள். நடுவில் முக்கோணமாக ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளிகள் மேலே திறந்திருந்ததால் கடல் நீர் முழு அழுத்தத்தோடு உள்ளே நிற்கும். அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியது அந்த முக்கோணத்தின் சுவர்கள். இது மிதக்க வேண்டிய கட்டுமானம் என்பதால், சுவரை இஷ்டத்துக்குத் தடிமனாகக் கட்டவும் முடியாது. எவ்வளவு தடிமன் போதும் என்பதைக் கணக்குதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்கை 'நாஸ்ட்ரான்' என்ற சாஃப்ட்வேரில் போட்டார்கள். நாசாவுக்காக 1960-களில் உருவான, உலகமே நம்பிப் பயன்படுத்திய சாஃப்ட்வேர் அது. பிரச்சினை சாஃப்ட்வேரில் இல்லை. அந்த முக்கோண மூலையில் போட்ட மெஷ் மிகப் பெரிய துண்டுகளாகவும், கோணல்மாணலாகவும் இருந்தது. விளைவு, சுவரில் வரக்கூடிய வெட்டு விசையின் தகைவு 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டது. ஏறக்குறைய பாதி! அதை நம்பிச் சுவரை மெல்லிசாகக் கட்டினார்கள். மூலையில் இரும்புக் கம்பி கட்டிய விதத்திலும் குறை இருந்தது. இரண்டும் சேர்ந்து 65 மீட்டர் ஆழத்து நீர் அழுத்தத்தில் சுவர் பிளந்தது. விபத்துக்குப் பிறகு கவனமாக மெஷ் போட்டுக் கணக்கிட்டுப் பார்த்தபோது, 62 மீட்டரில் சுவர் உடையும் என்று விடை வந்தது. அதே முறைதான், மெஷ் மட்டும் ஒழுங்காக இருந்தது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்? அன்று இந்த வேலையைச் செய்யப் பெரிய கம்ப்யூட்டரும் தனிப் பயிற்சி பெற்ற நிபுணர்களும் வேண்டும். இன்று ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்யும் மாணவர் 'ஜெனரேட் மெஷ்', 'சால்வ்' என்று இரண்டு பட்டன் அமுக்கினால் போதும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அழகான படம் வந்துவிடும். கணக்கு தப்பாக இருந்தாலும் அதே அழகோடுதான் வரும். இந்தக் கட்டுரை அந்தப் படத்தை எப்போது நம்பலாம் என்பதைப் பற்றியது.

மெஷ் என்றால் என்ன?

வட்டக் கிணற்றுக்குச் சுவர் எழுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். செங்கல் நேரானது, கிணறு வளைவானது. பெரிய பெரிய கல்லாக வைத்தால் வட்டம் கோணல் கோணலாகத் தெரியும். சின்னக் கல்லாக வைத்தால் வளைவு ஒழுங்காக வரும்.

மெஷ்ஷும் அப்படித்தான். ஒரு பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைக்கிறோம். ஒவ்வொரு துண்டுக்கும் 'எலிமென்ட்' என்று பெயர். துண்டுகள் சந்திக்கும் புள்ளி 'நோட்'. முழுப் பொருளுக்கும் ஒரே சமன்பாட்டைத் தீர்ப்பது பெரும்பாலும் முடியாத காரியம். அதனால் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பொருள் எளிமையாக வளையும், எளிமையாக நீளும் என்று வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, 'வைத்துக்கொண்டு' என்ற வார்த்தையைத்தான். உண்மையில் தகைவு வேகமாக ஏறி இறங்கும் இடத்தில் பெரிய துண்டைப் போட்டால், அந்த ஏற்ற இறக்கம் துண்டுக்குள்ளேயே அமுங்கிப்போய்விடும். ஸ்லைப்னரில் நடந்தது இதுதான்.

முதலில் பேனா, அப்புறம் மவுஸ்

சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்னால், விடை தோராயமாக எவ்வளவு வரும் என்று ஒரு பேப்பரில் எழுதிவைத்துவிடுங்கள். 'அதுக்குத்தானே சாஃப்ட்வேரே வாங்குறோம்' என்று கேட்கலாம். ஒரு சின்ன உதாரணம் பார்ப்போம்.

200 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 10 உயரம் கொண்ட ஒரு ஸ்டீல் பட்டை. ஒரு முனையைச் சுவரில் பதித்துவிட்டோம். மறு முனையில் 100 நியூட்டன் எடை, அதாவது கிட்டத்தட்ட 10 கிலோ தொங்குகிறது. ஸ்டீலின் மீள்குணகம் 2 லட்சம் மெகாபாஸ்கல். இரண்டாம் ஆண்டுப் பாடப்புத்தகத்தில் இருக்கும் சூத்திரத்தில் போட்டால், முனை 0.8 மி.மீ கீழே இறங்கும். சுவரோரம் வளைவுத் தகைவு 60 மெகாபாஸ்கல். பட்டையின் எடை 314 கிராம்.

இப்போது இதே பட்டையை உங்கள் சாஃப்ட்வேரில் வரைந்து ஓட்டிப் பாருங்கள். 0.8-க்குப் பக்கத்தில் வந்தால் நல்லது. 0.3 வந்தாலோ 80 வந்தாலோ எங்கோ தப்பு இருக்கிறது என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். புதிதாக எந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொண்டாலும் முதல் நாள் செய்ய வேண்டிய வேலை இது என்பேன். அரை மணி நேரம்கூட ஆகாது.

உங்கள் நிஜ புராஜெக்ட் இவ்வளவு எளிமையாக இருக்காது, சரி. ஆனால் எவ்வளவு சிக்கலான பிராக்கெட்டையும் ஒரு பட்டையாகவோ ஒரு குழாயாகவோ எளிமைப்படுத்தி, விடை பத்திலா நூறிலா ஆயிரத்திலா என்று சொல்லிவிட முடியும். இது பழைய காலத்து வேலை என்று நினைத்தால், ஸ்லைப்னரின் இரண்டாம் பாகத்தைக் கேளுங்கள். விபத்துக்குப் பிறகு மாற்று அடித்தளத்தை அவசரமாகக் கட்ட வேண்டியிருந்தது. பழைய கம்ப்யூட்டர் கணக்கின் மீது நம்பிக்கை போய்விட்டது, புதிதாகப் போட நேரமும் இல்லை. எனவே கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய காலத்துக் கை கணக்கு முறைகளை வைத்தே வடிவமைத்தார்கள். புதிய கம்ப்யூட்டர் விடைகள் வந்து சேர்ந்தபோது, கட்டுமானத்தின் பெரும்பகுதி எழும்பி முடிந்திருந்தது. 1993 ஏப்ரலில் அந்தப் புதிய அடித்தளத்தின் மீது மேடை வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது.

மாடலைச் சுத்தம் செய்வது

கேட் மாடல் என்பது தயாரிப்புக்காக வரைந்தது. அதில் கம்பெனி லோகோ பொறித்திருக்கும், லேபிள் ஒட்டச் சின்னப் பள்ளம் இருக்கும், திருகு மரைகூட வரைந்திருப்பார்கள். இதையெல்லாம் அப்படியே மெஷ் செய்தால், அந்த லோகோவைச் சுற்றியே பல்லாயிரம் எலிமென்ட் போய் உட்கார்ந்துகொள்ளும். லேப்டாப் ஃபேன் மட்டும் சத்தம் போடும். அரை மில்லிமீட்டர் விளிம்பு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்த கோடு, தலைமுடி அளவு மேற்பரப்புத் துண்டு இவையெல்லாம்தான் மெஷ் தோல்வி அடைவதற்கு வழக்கமான காரணம். முதலில் அவற்றை நீக்குங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மூலைகளில் இருக்கும் 'ஃபில்லட்' எனப்படும் வளைவுகளை எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடாதீர்கள். எந்த மூலையில் உடையும் என்று பார்க்க வந்திருக்கிறீர்களோ, அந்த மூலையின் வளைவு இருந்தே ஆக வேண்டும். அதை எடுத்துவிட்டால் என்ன விபரீதம் நடக்கும் என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

எந்த எலிமென்ட்?

பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் தானாக மெஷ் போடும்போது 'டெட்ரா' எனும் நான்கு முக வடிவத்தை எடுத்துக்கொள்ளும். இதில் இரண்டு வகை உண்டு. நான்கு மூலையில் மட்டும் நோட் உள்ளது முதல் வகை. ஒவ்வொரு விளிம்பின் நடுவிலும் கூடுதலாக ஒன்று என மொத்தம் பத்து நோட் உள்ளது இரண்டாம் வகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வித்தியாசம் விடையில் தெரியும். நான்கு நோட் டெட்ராவால் வளைவைச் சரியாகக் காட்ட முடியாது. பொருள் உண்மையில் இருப்பதைவிட விறைப்பாக நடந்துகொள்ளும். மேலே சொன்ன பட்டையை உயரத்தில் ஒரே அடுக்கு நான்கு நோட் டெட்ராவால் நிரப்பிப் பாருங்கள். 0.8 மி.மீ வர வேண்டிய இடத்தில் அதில் பாதிகூட வராமல் போகலாம். அதாவது, ஆபத்தான ஒரு டிசைனைப் பத்திரமானது என்று சாஃப்ட்வேர் காட்டும். பத்து நோட் வகைக்கு மாறினால் விடை சட்டென்று ஒழுங்காகிவிடும். சாலிட்வொர்க்ஸ் சிமுலேஷனில் 'டிராஃப்ட்' தரம் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறதே, அது இந்த நான்கு நோட் டெட்ராதான். மாடல் ஓடுகிறதா என்று பார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள், இறுதி விடைக்கு வேண்டாம்.

செங்கல் வடிவ 'ஹெக்ஸா' எலிமென்ட் பொதுவாக நல்ல விடை தரும். ஆனால் அதிலும் எட்டு நோட் வகையில், கணக்கைக் குறைத்துச் செய்யும் ஆப்ஷனை வைத்து உயரத்தில் ஒரே அடுக்கு போட்டால், பொருள் கூழ்மாதிரி தொளதொளவென்று ஆகிவிடும். வளையும் இடங்களில் குறைந்தது மூன்று நான்கு அடுக்காவது வேண்டும்.

தகடு விஷயத்தில் நிறையப் பேர் நேரத்தை வீணாக்குகிறார்கள். ஒரு மீட்டர் அகலமும் 2 மி.மீ தடிமனும் உள்ள தகட்டை டெட்ராவால் நிரப்ப முயன்றால் லட்சக்கணக்கில் எலிமென்ட் வரும், விடையும் சுமாராகத்தான் இருக்கும். அதற்கென்றே 'ஷெல்' எலிமென்ட் இருக்கிறது. தகட்டின் நடுமேற்பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, தடிமனை ஓர் எண்ணாகக் கொடுத்துவிடலாம். சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

எங்கே சின்னதாக, எங்கே பெரிதாக?

'எல்லா இடத்திலும் பொடிசா போட்டுட்டா போச்சு' என்று தோன்றும். எலிமென்ட்டின் அளவை மூன்று திசையிலும் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்காகும். இரண்டு முறை பாதியாக்கினால் 64 மடங்கு. லேப்டாப் தாங்காது.

துளையின் விளிம்பு, மூலை வளைவு, தடிமன் சட்டென்று மாறும் இடம், இரண்டு பாகங்கள் ஒன்றை ஒன்று தொடும் இடம் ஆகிய இவற்றில்தான் தகைவு வேகமாக மாறும். அங்கே நெருக்கமாகப் போடுங்கள். மற்ற இடங்களில் பெரிதாக விடலாம். ஆனால் சின்னதிலிருந்து பெரிதுக்குப் போகும்போது படிப்படியாகப் போக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் எலிமென்ட்டுக்குப் பக்கத்திலேயே 15 மில்லிமீட்டர் எலிமென்ட் வந்து நின்றால், அந்தச் சந்திப்பில் வரும் விடையை நம்ப முடியாது.

மெஷ் போட்டதும் தரத்தைப் பாருங்கள். எல்லா சாஃப்ட்வேரிலும் கோணல், நீள அகல விகிதம், 'ஜேகோபியன்' என்று சில அளவுகோல்கள் இருக்கும். சராசரி நன்றாக இருக்கிறது என்று திருப்திப்படாமல், மோசமான பத்து எலிமென்ட் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். விசையே இல்லாத ஒரு மூலையில் இருந்தால் விட்டுவிடலாம். நீங்கள் விடை தேடும் அதே இடத்தில் இருந்தால் மெஷ்ஷைத் திரும்பப் போட்டே ஆக வேண்டும்.

இது சரியான விடைதானா? எப்படித் தெரியும்?

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மெஷ்ஷில் வந்த விடையை விடை என்று சொல்லவே கூடாது.

ஓட்டுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முக்கியமான இடத்தில் எலிமென்ட் அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். பிறகு இன்னொரு முறை. உதாரணத்துக்கு அதிகபட்சத் தகைவு 142, 171, 180, 182 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். விடை நிலைத்துவிட்டது, 180-ஐ ஒட்டி நம்பலாம். முதல் மெஷ்ஷோடு நிறுத்தியிருந்தால்? 142 என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பீர்கள். அந்த உலோகம் தாங்கும் எல்லை 160 என்றால், உடையப்போகும் பாகத்துக்கு நீங்களே கையெழுத்துப் போட்டது மாதிரி.

இதைப் பழகிப்பார்க்க அருமையான ஒரு சோதனை இருக்கிறது. அகலமான தகட்டின் நடுவில் சின்னதாக ஒரு வட்டத் துளை போட்டு, இரண்டு பக்கமும் இழுங்கள். துளையின் விளிம்பில் வரும் தகைவு, தூரத்தில் இருக்கும் தகைவைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். கிர்ஷ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1898-லேயே இதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். மெஷ் பெரிதாக இருந்தால் 2-க்குப் பக்கத்தில்கூட நிற்கும். பொடிசாக்க ஆக்க, கண் முன்னாலேயே 3-ஐ நோக்கி ஏறும். எந்தப் பாடத்தைவிடவும் இது மனதில் நிற்கும்.

சரி, எத்தனை தடவை பொடிசாக்கினாலும் எண் ஏறிக்கொண்டே போகிறதே, 180, 240, 330, 460 என்று நிற்கவே மாட்டேன் என்கிறதே, அப்போது? பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் உள்பக்கமாக மடங்கும் கூர்மையான மூலையாக இருக்கும். வளைவே இல்லாத மூலையில், கணிதப்படி தகைவு முடிவிலி. மெஷ் பொடிசாகப் பொடிசாக எண் முடிவிலியை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே புள்ளியில் முழு விசையையும் கொடுத்தாலும் இப்படித்தான். நிஜ உலகில் எந்த மூலைக்கும் கொஞ்சமாவது வளைவு உண்டு. அந்த வளைவை மாடலில் வரைந்தால் எண் ஓரிடத்தில் நின்றுவிடும். அது உங்களுக்கு முக்கியமில்லாத மூலை என்றால், அந்த இடத்துச் சிவப்பைப் புறக்கணித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கும் தகைவைப் பாருங்கள். ஃபில்லட்டை எடுக்க வேண்டாம் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான்.

எங்கே பிடித்திருக்கிறீர்கள்?

மெஷ் சரியாக இருந்தும் விடை தப்பாக வரும் சந்தர்ப்பங்களில், என் கணிப்பில் பெரும்பாலானவை இங்கே இருந்துதான் வருகின்றன. நிஜத்தில் இரண்டு போல்ட்டால் பிடித்திருக்கும் பிராக்கெட்டை, மாடலில் பின்பக்கம் முழுவதையும் 'ஃபிக்ஸ்டு' என்று கொடுத்துவிடுகிறார்கள். ஃபிக்ஸ்டு என்றால் அந்த முகம் இம்மி அளவும் நகராது, திரும்பாது. உலகத்தில் அப்படி ஒரு சுவரே கிடையாது. பாகம் உண்மையைவிடப் பல மடங்கு பலமாகத் தெரியும். போல்ட் துளைகளைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் பிடித்து, மற்ற இடங்களில் சுவரைத் தொடுகிறது என்று மட்டும் கொடுத்துப் பாருங்கள். விடை கணிசமாக மாறலாம்.

நேர் எதிரான தப்பும் உண்டு. ஏதோ ஒரு திசையில் பிடிப்பே இல்லாமல் விட்டுவிட்டால் பாகம் காற்றில் பறக்கும். சாஃப்ட்வேர் 'சிங்குலர்', 'ஜீரோ பிவட்' என்றெல்லாம் திட்டும். சில சாஃப்ட்வேர்களில் 'வீக் ஸ்பிரிங்' என்று ஒரு ஆப்ஷன் போட்டால் அந்தத் திட்டு நின்றுவிடும். ஆனால் பிரச்சினை அப்படியே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி. பிடிப்புகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அதிர்வெண் கணக்கு மட்டும் ஓட்டுங்கள். எதிலும் கட்டாத ஒரு பொருள் மூன்று திசையில் நகரும், மூன்று விதமாகச் சுழலும். எனவே முதல் ஆறு அதிர்வெண்கள் ஏறக்குறைய பூஜ்யமாக வர வேண்டும். ஆறுக்கு மேல் பூஜ்யம் வந்தால், ஏதோ ஒரு பாகம் மற்றதோடு ஒட்டாமல் தனியாகத் தொங்குகிறது என்று அர்த்தம். திரையில் ஒட்டியதுபோலத் தெரிந்தாலும் நோடுகள் சேரவில்லை.

பிடிப்புகளோடு ஓட்டிய பிறகு, சுவர் திருப்பித் தரும் எதிர்விசைகளைக் கூட்டிப் பாருங்கள். 100 நியூட்டன் கொடுத்தீர்கள் என்றால் 100 நியூட்டன் திரும்பி வர வேண்டும். மளிகைக் கடை பில்லைச் சரிபார்ப்பது மாதிரிதான், ஒரு நிமிட வேலை.

மில்லிமீட்டரா மீட்டரா?

1999 செப்டம்பர் 23 அன்று, செவ்வாய்க் கோளை அடைந்த நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' விண்கலம் தொலைந்துபோனது. ஒரு குழுவின் சாஃப்ட்வேர் பவுண்டு கணக்கில் எண்ணைக் கொடுத்தது. மற்றொரு குழு அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. சுமார் நாலரை மடங்கு வித்தியாசம்.

அபாகஸ், நாஸ்ட்ரான், கால்குலிக்ஸ் போன்றவை உங்களிடம் அலகைக் கேட்பதே இல்லை. எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளும். மில்லிமீட்டரில் வரைந்து, நியூட்டனில் விசை கொடுத்தால், தகைவு மெகாபாஸ்கலில் வரும். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் சொந்த எடையோ அதிர்வோ கணக்கில் வந்தால், ஸ்டீலின் அடர்த்தியை 7850 என்று கொடுக்கக் கூடாது. அங்கே நிறையின் அலகு டன். எனவே 0.00000000785 என்று கொடுக்க வேண்டும். புவியீர்ப்பு 9.81 இல்லை, 9810. பழக்கதோஷத்தில் 7850 என்று அடித்துவிட்டால் உங்கள் பட்டையின் எடை ஒரு லட்சம் கோடி மடங்கு கூடிவிடும். அதனால்தான் 314 கிராமை முன்னாலேயே எழுதிவைக்கச் சொன்னோம்.

படத்தைப் படிப்பது எப்படி?

விடை வந்ததும் முதலில் கலரைப் பார்க்காதீர்கள், ஓரத்தில் இருக்கும் அளவுகோலைப் பாருங்கள். சிவப்பு என்பது 'ஆபத்து' என்று பொருள் இல்லை. இருப்பதில் அதிகம் என்றுதான் பொருள். அதிகபட்சம் 3 மெகாபாஸ்கலாக இருந்தாலும் சிவப்பு வரும். அதேபோல, பாகம் வாழை மட்டைபோல வளைந்து தெரிந்தால் பதற வேண்டாம். கண்ணுக்குத் தெரிவதற்காகச் சாஃப்ட்வேர் நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டியிருக்கும். உண்மை அளவுக்கு மாற்றி ஒரு முறை பாருங்கள்.

பக்கத்துப் பக்கத்து எலிமென்ட்டில் வரும் தகைவுகள் உண்மையில் ஒன்றோடு ஒன்று சேராமல் இருக்கும். சாஃப்ட்வேர் அவற்றைச் சராசரி எடுத்து வழுவழுப்பாகக் காட்டுகிறது. அந்தச் சராசரியை நிறுத்திவிட்டுப் பார்த்தால், மெஷ் மோசமான இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். எங்கே மெஷ்ஷைச் சரிசெய்ய வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று, 'வான் மிசஸ்' தகைவு என்பது ஸ்டீல், அலுமினியம் போல இழுபட்டு நெளியும் உலோகங்களுக்கானது. வார்ப்பிரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் அதை வைத்து 'உடையாது' என்று சொல்லக் கூடாது. அவை இழுவிசையில் பட்டென்று உடைபவை, அவற்றுக்கு முதன்மைத் தகைவைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர், காற்று என்றால்?

கோவை பக்கம் பம்ப் வடிவமைப்பில் இருப்பவர்களுக்கு இது தினசரி வேலை. ஓடும் திரவத்தின் கணக்கில் மெஷ்ஷின் முக்கியமான இடம் சுவரோரம். சுவரை ஒட்டிய திரவம் நிற்கும், கொஞ்சம் தள்ளினால் முழு வேகத்தில் ஓடும். இந்த மாற்றம் முழுவதும் மிக மெல்லிய அடுக்குக்குள் நடந்துவிடுகிறது. அதைப் பிடிக்கச் சுவரோரம் தட்டையான அடுக்குகளாக மெஷ் போடுவார்கள். முதல் அடுக்கு எவ்வளவு மெல்லிசாக இருக்க வேண்டும் என்பதற்கு 'ஒய் பிளஸ்' என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். சுவர் வரை நேரடியாகக் கணக்கிடுவதென்றால் அது 1-ஐ ஒட்டியும், சுவரோரத்துக்குச் சூத்திரம் பயன்படுத்தினால் 30-க்கு மேலும் இருக்க வேண்டும். நடுவில் 10, 15 என்று மாட்டிக்கொண்டால் இரண்டுக்கும் பொருந்தாது.

'ரெசிடுவல் கோடு கீழே இறங்கிடுச்சு, முடிஞ்சுது' என்று எழுந்துவிட வேண்டாம். உள்ளே போன தண்ணீரும் வெளியே வந்த தண்ணீரும் சமமா, பம்பின் அழுத்தம் ஓரிடத்தில் நிலைத்துவிட்டதா என்று பாருங்கள்.

காசு இல்லாமல் பழகலாமா?

தாராளமாக. ஃப்ரீகேட் முழுக்க இலவசம். வரைவது, மெஷ் போடுவது, கணக்கிடுவது எல்லாம் அதற்குள்ளேயே செய்யலாம். உள்ளே மெஷ் போடுவது ஜிமெஷ், கணக்குப் போடுவது கால்குலிக்ஸ். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு பிரிபோமேக்ஸ் கொஞ்சம் சுலபமாக இருக்கும். திரவ ஓட்டத்துக்கு ஓப்பன்ஃபோம் இருக்கிறது, ஆனால் பழகப் பொறுமை வேண்டும். அன்சிஸ் நிறுவனம் மாணவர்களுக்கு இலவசப் பதிப்பு தருகிறது. அதில் எலிமென்ட் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு ஒருவகையில் நல்லதுதான், எங்கே பொடிசாகப் போடுவது என்று யோசிக்க வைக்கும். இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும் பாகம் என்றால் பாதியை மட்டும் மாடல் செய்யுங்கள். விசையும் பிடிப்பும்கூட இருபக்கமும் ஒன்றுபோல இருந்தால் மட்டுமே இது செல்லும்.

புராஜெக்ட் ரிப்போர்ட்டில் கலர் படத்தை மட்டும் ஒட்டிக் கொடுப்பவர்கள்தான் அதிகம். அதோடு எலிமென்ட் எந்த வகை, எத்தனை நோட், மெஷ்ஷைப் பொடிசாக்கியபோது விடை எப்படி மாறியது, எதிர்விசை எவ்வளவு வந்தது, கை கணக்கில் எவ்வளவு வந்தது ஆகிய ஐந்தையும் ஒரு சின்ன அட்டவணையாகச் சேர்த்துவிடுங்கள். வைவாவிலோ இன்டர்வியூவிலோ விஷயம் தெரிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தால், படத்தைத் தாண்டி நேராக அந்த அட்டவணைக்குத்தான் போவார்.